கடைசியாகக் கை வைத்தவர்

அவர் என் மேசைமேல் முதலில் வைத்தது ஒர்க் ஆர்டரை இல்லை. பழைய லுங்கியில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பக்கம் நிறுத்திக் கொண்டுவந்திருந்த ஒரு சின்னக் கண்ணாடியை. குளியலறை வென்டிலேட்டருக்குப் போடுவது. “முழுசாத்தான் கொண்டாரணும் சார். இது டஃபன்டு, வெட்ட முடியாது. வெட்டினா கற்கண்டு மாதிரி கொட்டிடும்” என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து, புதுச் சட்டை வாங்கினால் சுற்றி வருமே அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து நீட்டினார். “இதுக்குள்ள கையை விட்டு, கண்ணாடிமேல மெதுவா தடவிப் பாருங்க.”

வெறுங்கையால் தடவியபோது இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. உறைக்குள் கைவிட்டுத் தடவியபோது ஒரு பக்கம் உப்புத்தாள் மாதிரி உறுத்தியது. திருப்பினேன். மறுபக்கம் பட்டு.

“இந்த உறுத்துற பக்கத்துக்காகத்தான் சார் என் மேல கேஸ் போடப் போறாங்க.”

2021 கடைசி அது. கொரோனா இரண்டாம் அலை அடங்கி, பெங்களூரில் பாதியில் நின்ற கட்டிடங்களையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டிருந்தார்கள். சர்ஜாபூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிளைச் சாலையில் இரண்டு பிளாக் அடுக்குமாடி. பெயிண்ட் வேலை முடிந்து, வீட்டுக்காரர்களிடம் சாவி கொடுக்கும் முன் ஜன்னல்களைச் சுத்தம் செய்யும் வேலை இவருடையது. பூர்வீகம் திருப்பத்தூர் பக்கம். அப்பா காலத்திலேயே அல்சூருக்கு வந்துவிட்ட குடும்பம். கண்ணாடித் தொழிலில் 22 வருஷம். கையில் ஐந்து பையன்கள், அதில் மூன்று பேர் அசாம்காரர்கள்.

ஜன்னல் துடைப்பது என்றால் தண்ணீர் அடித்து ரப்பர் பட்டையால் வழித்துவிடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். புதுக் கட்டிடத்தில் அது கடைசிப் பத்து சதவீதம் என்று அவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. மீதியெல்லாம் சுரண்டல். பால்கனி மேற்கூரைக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது எமல்ஷன் தூறலாகக் கண்ணாடி முழுக்கப் படிகிறது. கிரில்லுக்கு அடிக்கும் எனாமல் சொட்டுச் சொட்டாக விழுந்து கல்லாகிறது. பட்டி, சிமெண்ட் பால் எல்லாம் வேறு. எமல்ஷன் தண்ணீரில் ஊறினால் தோல் மாதிரி உரியும். எனாமல் அப்படி வராது. தின்னர் போட்டால் கரையும்தான், ஆனால் அது வழிந்து ஃபிரேமின் பூச்சையும் சிலிக்கானையும் சாப்பிட்டுவிடும். சிமெண்ட் தண்ணீர் நாள்கணக்கில் காய்ந்து கிடந்தால் கண்ணாடியையே அரித்துவிடும், அதற்கப்புறம் யார் வந்தாலும் அந்த வெள்ளைத் தழும்பு போகாது. ஆகவே சோப்புத் தண்ணீர் தாராளமாக அடித்து, ஊறவிட்டு, புது பிளேடு போட்ட ஸ்கிரேப்பரைச் சாய்வாகப் பிடித்து ஒரே திசையில் தள்ள வேண்டும். தள்ளியபின் பிளேடைத் தூக்கித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். இழுத்தால் அடியில் மாட்டிய மண் கோடு போட்டுவிடும். இதை அவர் என் மேசைக் கண்ணாடிமேல் ஸ்கேலை வைத்துச் செய்து காட்டினார். நல்ல கண்ணாடியில் ஈரமான பிளேடு கீறாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம்.

இதெல்லாம் பெயிண்டர் ஆரம்பத்திலேயே மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் ஒட்டியிருந்தால் தேவையே இல்லாத வேலை. பெயிண்டருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. மூடுகிற நேரத்துக்குக் கூலி இல்லை. பின்னால் துடைக்க ஆள் வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதல் பிளாக்கை முடித்தார்கள், ஒரு புகாரும் வரவில்லை. இரண்டாவது பிளாக்கில் பிளேடு வைத்ததுமே சத்தம் மாறியது. அதை அவர் சூப்பர்வைசரிடம் சொன்னார். முடித்துவிடு என்று பதில் வந்தது. முடித்தார். சாவி வாங்க வந்தவர்கள் காலை வெயிலில் ஜன்னலைப் பார்த்தபோது கண்ணாடி முழுக்க முடிமுடியாகக் கோடுகள். கட்டிட நிறுவனம் 3.6 லட்ச ரூபாய் பில்லை நிறுத்திவைத்தது. கூடவே 19 லட்சத்துக்கு ஒரு டெபிட் நோட்: அந்த பிளாக்கின் கண்ணாடி மொத்தத்தையும் மாற்றும் செலவு. ஒர்க் ஆர்டரில், கண்ணாடிக்குச் சேதம் வந்தால் துடைப்பவர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்தத் தாளில் அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

டஃபன்டு கண்ணாடியைப் பற்றி அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உலைக்குள் பீங்கான் உருளைகள்மேல் ஓடவிட்டு, வெளியே வந்ததும் காற்றடித்துச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். அதனால் நான்கைந்து மடங்கு வலு வருகிறது. உடைந்தாலும் கத்திபோலப் பிளக்காமல் சின்னக் கட்டிகளாக உதிர்கிறது. உயரமான கட்டிடங்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் உலைக்குப் போகும் முன் கண்ணாடியைச் சரியாகக் கழுவாவிட்டால், ஓரம் வெட்டித் தேய்த்தபோது வந்த கண்ணாடித் தூள், உருளையில் படியும் பக்கத்தில் சூட்டோடு சூடாக ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது. பல மாதம் கழித்து ஒருவர் பெயிண்டைச் சுரண்ட பிளேடு வைக்கும்போது அந்தத் துகள் பெயர்கிறது. பிளேடு அதை இழுத்துக்கொண்டு போய்க் கோடு போடுகிறது. உலகம் முழுக்க உள்ள தகராறு இது. சர்வதேச ஜன்னல் துப்புரவாளர் சங்கம் பல வருஷங்களாக இதைச் சொல்லிவருகிறது. வட அமெரிக்கக் கண்ணாடிச் சங்கமோ உலோக பிளேடையே கண்ணாடிமேல் வைக்கக் கூடாது என்று தன் வழிகாட்டியில் எழுதிவைத்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நன்றாகத் தயாரித்து வருபவர். அந்த வழிகாட்டியைக் கண்டிப்பாகக் கொண்டுவருவார் என்று அப்போதே தெரிந்தது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அடுத்த கேள்வி. சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் அருமையான வழி இருக்கிறது. அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. ஆவலோடு உத்யம் சான்றிதழைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார். பதிவுத் தேதி, வேலை முடிந்ததற்கு மூன்று வாரம் பின்னால். பதிவுக்கு முன்பு செய்த வேலைக்கு அந்தச் சலுகை கிடையாது என்று சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே 2021 ஜூனில்தான் சொல்லியிருந்தது. அந்தக் கதவு மூடிவிட்டது. செலவில்லாமல், ஆதார் எண்ணும் பான் எண்ணும் போனும் இருந்தால் ஒரு நாளில் முடியும் பதிவு அது. பெயிண்டர், பிளம்பர், கார்பென்டர் என்று யார் என்னிடம் வந்தாலும் இன்று முதலில் அதைத்தான் கேட்கிறேன்.

3 லட்சத்தைத் தாண்டிய தொகை என்பதால் வணிக நீதிமன்றம். வழக்குக்கு முன்பே சமரசத்துக்கு அழைக்க வேண்டும் என்கிறது வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு. அழைத்தோம், அவர்கள் வரவில்லை. 2022இல் சிட்டி சிவில் கோர்ட்டில் வணிக வழக்காகப் பதிவானது. பதிலுரையோடு 19 லட்சத்துக்கு எதிர்க்கோரிக்கையும் வந்தது.

பிராது எழுதிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்று சொன்னார். “சார், முதல் பிளாக்குல மூணாவது மாடியில ஒரு வீடு. அன்னிக்குத் தண்ணி நின்னுபோச்சு. புதுப் பையன் காய்ஞ்ச கண்ணாடியில பிளேடை இழுத்துட்டான். அது நம்ம தப்பு. அந்தக் காசைக் கழிச்சிடுங்க.”

அதை அவர்கள் கவனிக்கவே இல்லை. நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவர்களுடையது. கேட்காத ஒன்றை நாமாக எழுதிக்கொடுப்பானேன் என்று சொல்லிப் பார்த்தேன். “இல்ல சார், அந்த வீட்டுக்காரம்மா தினம் அந்தக் கோட்டைத்தானே பாக்கும்” என்றார். அப்புறம் நான் பேசவில்லை. அந்த வீட்டுக் கண்ணாடிகளின் விலையைக் கழித்து, ஏன் கழிக்கிறோம் என்பதையும் பிராதிலேயே எழுதினோம்.

மேசைமேல் வைத்த அந்த வென்டிலேட்டர் கண்ணாடியைச் சான்றாக்க முடியாது. எந்தக் குவியலிலிருந்து எடுத்தார், யார் கொடுத்தார் என்பதற்குத் தாள் இல்லை. ஆகவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 9இன் கீழ் ஆணையரை அனுப்பக் கேட்டோம். இளம் வழக்கறிஞர் ஒருவரை நீதிமன்றம் நியமித்தது. ஆணையர்கள் பெரும்பாலும் கோர்ட் முடிந்து சாயங்காலம்தான் இடத்துக்கு வருவார்கள். நான் பிடிவாதமாகச் சனிக்கிழமை காலை எட்டு மணி கேட்டு வாங்கினேன். கிழக்கு பார்த்த ஜன்னல்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் கோடு தெரியும். மேகம் மூடிவிடக் கூடாதே என்று அந்தக் காலையில் நான் வேண்டிக்கொண்டது நிஜம்.

மேகம் இல்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தோம். அவர் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பிளாக்கின் கண்ணாடிகளிலும் மூலையில் முத்திரை இருந்தது. இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒரே ஆட்கள், ஒரே மாதம், ஒரே பெட்டி பிளேடு. முதல் பிளாக்கில் அந்த மூணாவது மாடி வீட்டைத் தவிர எங்கும் கோடு இல்லை. இரண்டாவது பிளாக்கில் பெயிண்ட் உள்ளேயும் வெளியேயும் அடித்திருந்ததால் இரண்டு பக்கமும் சுரண்டியிருந்தார்கள். ஆனால் எந்தக் கண்ணாடியை எடுத்தாலும் கோடு ஒரு பக்கம் மட்டும்தான். சில ஜன்னலில் உள்பக்கம், சிலவற்றில் வெளிப்பக்கம். ஆணையர் குழம்பிப்போனார். பிறகு முத்திரையைத் தடவிப் பார்த்தோம். முத்திரை உள்ளே இருந்தால் கோடு வெளியே. முத்திரை வெளியே இருந்தால் கோடு உள்ளே. முத்திரையைப் பெரும்பாலும் உலைக்குப் போகும்போது மேலே இருக்கும் பக்கத்தில்தான் போடுகிறார்கள். அப்படியானால் மறுபக்கம் உருளையில் படிந்தது. பொருத்தியவர் கண்ணாடியை எப்படித் திருப்பி மாட்டினாரோ அப்படியே கோடும் திரும்பியிருந்தது.

கோடுகளின் உருவமும் வேறு. இரண்டாவது பிளாக்கில் ஒவ்வொரு கோடும் கண்ணாடியின் நடுவில் ஏதோ ஒரு புள்ளியில் தொடங்கி, பிளேடு போன திசையில் வால் நீட்டியிருந்தது. மூணாவது மாடி வீட்டில் அப்படி இல்லை: கை வீசிய வளைவில், ஓரத்திலிருந்து ஓரம்வரை, பக்கத்துப் பக்கத்தில் இரட்டைத் தண்டவாளம் மாதிரி. நாங்களே ஒப்புக்கொண்ட அந்த வீடு, தப்பான கை போட்ட கோடு எப்படி இருக்கும் என்பதற்கு அளவுகோலாக நின்றது. ஆணையர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அறிக்கையில் சேர்த்தார். பிளாஸ்டிக் உறைச் சோதனையையும் தானே செய்து எழுதினார்.

குறுக்கு விசாரணையில் எதிர்பார்த்த வழிகாட்டி வந்தது. உலோக பிளேடு கூடாது என்று எழுதியிருக்கிறதே? ஒர்க் ஆர்டரின் வரியை நான் எடுத்துக் காட்டினேன்: ஸ்கிரேப்பர் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும் என்று எழுதியது அவர்களே. கண்ணாடியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதே? இருக்கிறது, ஐஎஸ் 2553 முதன்மையாகப் பாதுகாப்புக்கான தரம். அதைவைத்து ஒட்டிய தூளை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இவற்றுக்கெல்லாம் பதில் இருந்தது. அடுத்து வந்த கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

“22 வருஷ அனுபவம் என்கிறீர்கள். சத்தம் மாறியதுமே தெரிந்தது என்கிறீர்கள். தெரிந்தும் ஏன் தொடர்ந்து சுரண்டினீர்கள்?”

நியாயமான கேள்வி. ஒரு தொழில் தெரிந்தவரிடம் சட்டம் எதிர்பார்ப்பது கைத்திறனை மட்டும் இல்லை. கெடப் போகிறது என்று தெரிந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய கடமையும் அதில் அடக்கம். அவர் தமிழும் கன்னடமும் கலந்து நிதானமாகச் சொன்னார். “நிறுத்தினேன் சார். ரெண்டு மணி நேரம் நிறுத்தினேன். பையன்களை உக்கார வெச்சேன். சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். முடிச்சிடுன்னாங்க. விட்டுட்டுப் போயிருந்தா பழைய பில்லும் வராது, அஞ்சு பேரு கூலிய நான் யார்கிட்ட கேக்கறது?”

என்ன அனுப்பினீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

அவர் பழைய போனை எடுத்தார். திரை சிலந்திவலையாக உடைந்திருந்தது. முதல் நாளே நான் சொல்லியிருந்தேன், “அண்ணே, இந்த போனை விக்காதீங்க, ரிப்பேருக்குக் கொடுக்காதீங்க” என்று. வேறு போன் வாங்கிக்கொண்டு இதை ஒன்றரை வருஷம் பீரோவில் வைத்திருந்தார். மின்னணுச் சான்றின் நகலைக் கொடுத்தால் சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். ஆனால் கருவியின் சொந்தக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி அசல் கருவியைக் காட்டினால் அது தேவையில்லை என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. அன்று இதுதான் நிலை. குரல் செய்தியின் மொழிபெயர்ப்பை ஏற்கெனவே தாக்கல் செய்திருந்தோம். போனை மேசைமேல் வைத்து, முழுச் சத்தத்தில் போட்டார்.

அவர் குரல். கன்னடத்தில், “ஈ கடெ கேளி சார்.” இந்தப் பக்கம் கேளுங்கள். பிளேடு ஓடியது. ஈரத் துணியை வழித்தெடுப்பதுபோல ஒரு மெல்லிய உரசல், அவ்வளவுதான். “ஆ கடெ கேளி.” அந்தப் பக்கம் கேளுங்கள். நற, நற, நறவென்று, சோற்றில் கல் கடிபட்டால் பல்லுக்குள் கேட்குமே அந்தச் சத்தம். அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பிறகு அவர் குரல் மறுபடி: கண்ணாடியில் மணல் மாதிரி இருக்கிறது, பிளேடு போட்டால் கோடு விழும், நிறுத்தட்டுமா சொல்லுங்கள். அடுத்தது பதில். நாலே நொடி. “முகிசிபிடி, சனிவார ஹேண்டோவர் இதெ.” முடித்துவிடு, சனிக்கிழமை சாவி கொடுக்க வேண்டும்.

நீதிபதி அந்த இரண்டு பக்கத்தையும் மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

அந்தச் சூப்பர்வைசரை அவர்கள் சாட்சியாகக் கொண்டுவரவில்லை. வந்தவர் தளத்துக்கே போகாத ஒரு மேலாளர். கண்ணாடி கொடுத்தவரையும் அழைக்கவில்லை, மூடாமல் பெயிண்ட் அடித்த ஒப்பந்தக்காரரையும் அழைக்கவில்லை. கையில் இருக்கும் சான்றைக் கொண்டுவராமல் இருந்தால் அது அவர்களுக்குப் பாதகமானது என்று கருத, அன்றைய சாட்சியச் சட்டம் 114ஆம் பிரிவின் ‘ஜி’ எடுத்துக்காட்டு இடம் தந்தது. என் வாதத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்டது அந்த இடம்தான். ஒரு ஜன்னல் முடிவதற்குள் எத்தனை பேர் கை வைக்கிறார்கள்: வெட்டியவர், கழுவாமல் உலைக்கு அனுப்பியவர், மாட்டியவர், மூடாமல் பெயிண்ட் அடித்தவர். இத்தனை பேருக்கும் பணம் போய்விட்டது. கோடு வெளியே தெரிந்த நேரத்தில் ஜன்னல் பக்கத்தில் நின்றவர் ஒருவர்தான், அதனால் கேள்வியும் அவரிடம் மட்டும் போனது. ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவு, மீறலால் இயல்பாக விளைந்த நட்டத்துக்குத்தான் ஈடு தருகிறது. அவர் செய்த மீறல் எது? சுரண்டச் சொன்னதைச் சுரண்டினார், கேட்டார், சொன்னபடி முடித்தார். அதே பிரிவின் விளக்கம், நட்டத்தைக் குறைக்கக் கையிலிருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இரண்டு மணி நேரம் அந்த வழி அவர்கள் கையில் திறந்தே இருந்தது.

2023இல் தீர்ப்பு. எதிர்க்கோரிக்கை தள்ளுபடி. மூணாவது மாடி வீட்டுத் தொகை போக மீதி பில், வட்டியோடு. ஆணையரின் அறிக்கையை நீதிபதி விரிவாக எடுத்துப் பேசியிருந்தார். குரல் செய்தியைப் பற்றி ஒரு பத்தி தனியாக.

பணம் வந்த அன்று அவர் அந்த ஐந்து பையன்களில் மூன்று பேரை அழைத்துக்கொண்டு வந்தார். மற்ற இருவர் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்கள் பங்கைத் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தார். அன்றே அவருக்காக ஒரு அரைப்பக்கம் எழுதிக்கொடுத்தேன், கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும்: வேலை தொடங்கும் முன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தேன், இன்ன பக்கம் உறுத்துகிறது, சுரண்டினால் கோடு விழும், தெரிந்தே சுரண்டச் சொல்கிறேன் என்று தளத்துக்காரர் கையெழுத்துப் போட ஓரிடம். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சடித்துக்கொண்டார். சிலர் போடுகிறார்கள். போட மாட்டேன் என்பவர்களுக்குக் குரல் செய்தி அனுப்பிவிட்டுத்தான் பிளேடை எடுக்கிறார்.

எப்போதாவது காலை ஏழு மணிக்கு எனக்கும் ஒன்று வரும். முதலில் பேச்சே இருக்காது. தண்ணீர் தெளிக்கும் சத்தம், அதன்பின் பிளேடு ஓடும் மெல்லிய உரசல். “கேட்டீங்களா சார்? ஹென்னூர்ல புது சைட்டு. ரெண்டு பக்கமும் நல்ல கண்ணாடி.”